மணலியில் நின்றே சூடாகும் வண்டி

எம்.எஃப்.எல். சந்திப்பு, மே மாத மத்தியானம். முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் டிரெய்லர், பக்கத்தில் டேங்கர். இந்தப் பக்கம் வண்டி ஓடிச் சூடாவதைவிட நின்று சூடாவதுதான் அதிகம். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும். நின்றுவிட்டால் மொத்தப் பாரமும் ஃபேன் தலையில். ஃபியூஸோ மோட்டாரோ போய் அது சுற்றாவிட்டால் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கும்.

முள் ஏறும்போதே ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கணும். கத்திரி வெயிலில் ஹீட்டரா என்று கூட வருபவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். அதற்குள்ளும் இருப்பது ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை நம் முகத்தில் கொட்டிவிடும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ இந்த வேலையெல்லாம் கிடையாது. ஓரங்கட்டி அணைக்கணும். 'பாலம் தாண்டிப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டினால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், செலவு வேறு கணக்கு.

புதுச் சின்ன வண்டிகள் பலவற்றில் முள்ளே இல்லை, சிவப்பு விளக்குதான். யார் கேட்டார்கள் இந்த மிச்சத்தை?

"மூடியத் தொறக்காத சார், மூஞ்சி வெந்துடும்." சாத்தாங்காட்டில் ஒரு மெக்கானிக் எல்லோருக்கும் சொல்வது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. ரேடியேட்டர் மூடி திறந்தால் அப்படியே சீறும். அரை மணியாவது விட்டு, மேல் ஹோஸில் கை வைத்தால் பொறுக்கிறதா என்று பார்த்து, துணி போட்டு, மெதுவாகத் திருகணும்.

நம்ம ஜனம் நல்ல ஜனம். பானெட்டைத் தூக்கினால் போதும், டிரெய்லர் கிளீனர் கேனோடு வந்துவிடுவார். எனக்குப் பயமே அந்தத் தண்ணீர்தான். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் விட்டால் விரிசல் விழலாம். போர் தண்ணீர் என்றால் அதோடு உப்பும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல காலம் ஆகிறது. உப்பு அரிக்கும், சுண்ணாம்பு படிந்து குழாயை அடைக்கும். கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து மணலி ஆலைகளுக்குக் கொடுக்க 2019இல் ஒரு நிலையமே திறந்தார்கள், நாளுக்கு 4.5 கோடி லிட்டர். ஆலைக்கு அந்த உபசாரம், காருக்கு எந்தக் கேன் தண்ணீரும். ஆபத்துக்கு ஊற்றலாம், இன்ஜின் ஆறிய பிறகு. ஆனால் சீக்கிரமே அதை இறக்கிவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி நிரப்பணும்.

எண்ணூர் துறைமுக ரோட்டில் தினம் போகிற வண்டிக்கு இன்னொன்று: நிலக்கரித் தூள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கறுப்பாக அப்பிக்கொள்ளும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. வாட்டர் வாஷில் வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கும். பின்பக்கத்திலிருந்து மெல்ல விடச் சொல்லணும்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது; ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கட்டி இழுக்கிற கேஸ்.

இறக்கின கூலண்டைத் தெருவோரம் கொட்டக் கூடாது. இனிக்கிற விஷம் அது, நாய் நக்கிவிடும்.