அப்பா விட்டுக்கொடுத்த அரை ஏக்கர்

மைக்ரோபயாலஜி பேப்பரில் நல்ல மார்க் வாங்கிய கையோடு, போன வருஷம் சம்பா நடவுக்கு மன்னார்குடி பக்கம் எங்க ஊருக்குப் போனேன். கையில் 200 கிராம் அசோஸ்பைரில்லம் பாக்கெட் ஒன்று.

"இந்த பாக்டீரியா காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு பயிருக்குக் கொடுக்கும்ப்பா. ஹார்மோன் சுரந்து வேரையும் நல்லா பரப்பிவிடும். யூரியாவைக் கால்வாசி குறைச்சுடலாம்."

அப்பா எதிர்த்துப் பேசவில்லை. வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கரை எனக்கு விட்டார். தண்ணீரில் தூளைக் கரைத்து, நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைத்து நட்டோம். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரு மாசம் கழித்து போன். "உன் வயல் மட்டும் வெளிறிக் கெடக்குடா." அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலை.

லேபில் இருந்தபோதுதான் உறைத்தது. நடவு தள்ளிப்போனதில் பாக்கெட் பத்து நாள் மோட்டார் கொட்டகையில், தகரக் கூரைக்கு அடியிலேயே கிடந்தது. உள்ளே இருப்பது உயிர்; அந்தச் சூடு தாங்காது. பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து வருவதால் செத்தாலும் அதே கறுப்புத் தூள்தான், பார்த்தால் தெரியாது. இதையே பரீட்சையில் ரெண்டு மார்க்குக்கு எழுதியிருக்கேன்!

அப்பாவிடம் சொன்னேன்.

"அப்போ பாக்டீரியா மேல தப்பில்ல?"

"என் மேலதான்ப்பா."

மேலுரமாக யூரியா போட்டு அவரே பயிரைத் தேற்றினார். இந்த வருஷமும் அதே அரை ஏக்கரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நடவுக்கு முந்தின நாள் வாங்கிட்டு வா, போதும்" என்றார்.