சிவப்பு ஷீட்டும் அப்பாயியின் தக்காளியும்



எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம். கொல்லையில் அப்பாயி வருஷா வருஷம் தக்காளி வைப்பாங்க. போன வருஷம் பதினைந்து செடியும் இலை சுருண்டு குட்டையாகி, ஒரு பழம்கூடத் தரவில்லை. எல்லாத்தையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, "இனிமே என்னால ஆகாதுடா, கடையிலயே வாங்கிக்கலாம்" என்றார்கள். அப்பாயி இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் படித்தேன். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம் ஃபுளோரன்ஸ் நகரில், வேளாண் துறை விஞ்ஞானிகள் காஸ்பர்பாவரும் ஹன்ட்டும், செடியைச் சுற்றி மண்மேல் கலர் கலராகப் பிளாஸ்டிக் ஷீட் விரித்துப் பார்த்தார்களாம். கறுப்பு ஷீட்டைவிடச் சிவப்பு ஷீட்டில் தக்காளி 20 சதவீதம் வரை கூடுதலாகக் காய்த்ததாம்! காரணம்தான் வேடிக்கை. பச்சை இலைகள் 'தூரச் சிவப்பு' என்ற ஒளியைத் திருப்பி அனுப்பும். அது நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் செடியில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அதைக் கண்டுபிடித்துவிடும். சிவப்பு ஷீட்டும் அதே ஒளியை அனுப்புவதால், பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கு என்று செடி ஏமாந்து வேகமாக வளர்கிறது. பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் அடிஷனல் பேப்பர் வாங்கினால் நம்ம கையும் வேகமா ஓடுமே, அதுமாதிரி.

உடனே பெரிய கடை வீதிக்குப் போய்ச் சிவப்பு ஷீட் இரண்டு மீட்டர் வாங்கினேன். மணிகண்டம் பக்கம் மிளகாய் போடும் மாமாவிடம், மேலே வெள்ளி, கீழே கறுப்பாக இருக்கும் ஷீட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். அப்பாயியைக் கெஞ்சி, டிசம்பரில் ஒன்பது நாற்று வைத்தோம். மூன்றுக்குச் சிவப்பு, மூன்றுக்கு வெள்ளி. "என் பங்குக்கு இது" என்று மீதி மூன்றுக்கு அப்பாயி வாழைச் சருகை மூடாக்காகப் போட்டாங்க.

மார்ச் முடிய எண்ணியதில் சிவப்பு 31, சருகு 38, வெள்ளி 54 பழம். சிவப்பில் இரண்டு செடிக்கு மறுபடியும் இலைச்சுருள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் புரிந்தது. அவர்கள் பயன்படுத்தியது அந்த ஒளிக்கென்றே தயாரித்த ஷீட். நான் வாங்கியதோ சாதாரண மேஜை விரிப்பு! கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் போதாது. அதோடு, இலைச்சுருள் வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. கீழேயிருந்து வெளிச்சம் கண்ணைக் கூசினால் அது செடியில் இறங்கத் தடுமாறும். அதனால்தான் வெள்ளி ஷீட் தப்பித்தது. நம்ம ஊர் வெயிலில் அது கறுப்பு அளவுக்கு மண்ணைச் சுட வைப்பதும் இல்லை. ஒன்பது செடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அறிவியல் சார் சொன்னார். சரிதான்.

வெயிலில் நொறுங்கிய சிவப்புத் துண்டுகளை மண்ணிலிருந்து பொறுக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. சருகுக்கு அந்த வேலையே இல்லை, மக்கிப்போச்சு.

நேற்று அப்பாயி நல்ல பழமாக இரண்டைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் பிசைந்து திண்ணையில் காயவைத்திருந்தாங்க. "அடுத்த தடவைக்கா அப்பாயி?" என்றேன்.

"ஆமாடா. மாமாகிட்ட அந்தப் பளபளா ஷீட்டு இன்னும் கொஞ்சம் கேளு. சிவப்பு மட்டும் வேணாம்."

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு