பகலில் தூங்குகிறவர்களின் ஊரில்

நெய்வேலியில் இரவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் கரி வெட்ட முடியும். அனல் மின் நிலையத்துக் கொதிகலனும் அப்படித்தான். சாயங்காலம் ஆனதும் அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப முடியாது. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-இல் மின் உற்பத்தி ஆரம்பமானது. அன்றிலிருந்து இந்த ஊரில் எந்நேரமும் யாரோ விழித்திருக்கிறார்கள், யாரோ தூங்குகிறார்கள். காலை பத்து மணிக்கு ஊரெல்லாம் வெயிலும் குழம்பு வாசனையுமாக இருக்கும்போது, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு நைட் ஷிப்ட்காரர் வரிசைக்கு வரிசை இருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்து குடிவந்த குவார்ட்டர்ஸ் ஒட்டுச்சுவர் வீடு. இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். கும்பகோணத்துக்காரர், நாகர்கோவில்காரர், பாலக்காட்டுக்காரர், நெல்லூர்க்காரர் என்று ஒரே வரிசையில் பல ஊர்ப் பழக்கவழக்கங்கள் இருந்தன. ஒருவர் வீட்டில் விடிகாலை சுப்ரபாதம், ஒருவர் வீட்டில் இலங்கை வானொலி, மூன்றாவது வீட்டில் பையன் மிருதங்கம் பழகுகிறான். பங்குனி உத்திரம் வந்தால் வில்லுடையான்பட்டு முருகனுக்குக் காவடி போகிற மேளச் சத்தம் தனி. அது யாருக்கும் தொந்தரவாகப் படாது. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற சத்தத்தை ஊரே மன்னித்துவிடும். தினமும் வருகிற சின்னச் சத்தம்தான் மனிதரைப் பாடாய்ப் படுத்தும்.

எங்கள் வரிசையில் சுரங்கத்தில் ஆபரேட்டராக இருந்த ஓர் அண்ணன் குடியிருந்தார். அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா. வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு ஒன்பதரை மணிக்கு மாவாட்ட உட்காருவார். ஆட்டுக்கல் சுவரை ஒட்டி இருந்தது. அண்ணனுக்கு நைட் ஷிப்ட் வாரம் வந்தால், கண் அசரும் நேரமும் குழவி உருளும் நேரமும் சரியாக ஒன்றாக வரும். கண்ணெல்லாம் சிவந்துபோய்த் திரிந்தார்.

எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். யாருக்காவது மனு எழுதித் தர மாட்டோமா என்று கை துறுதுறுத்துக்கொண்டிருந்த காலம். அவர் கேட்காமலே நான் ஒரு மனு தயார் செய்துவிட்டேன். ‘பொருள்: பகல் நேரத்தில் ஆட்டுக்கல் ஓசை தொடர்பாக’ என்று தலைப்பிட்டு, பாயின்ட் பாயின்டாகப் பிரித்து, நகல்கள் யார் யாருக்கு என்பது வரை அடித்திருந்தேன். அவர் பொறுமையாகப் படித்தார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி. ஆனா இதைப் படிக்கப்போற அதிகாரி ராத்திரி தூங்குறவரு. பகல்ல தூங்குறவன் பாடு அவருக்கு எங்க புரியப்போவுது?” என்று சொல்லி, மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஒரு மாதக் காலண்டரை எடுத்து, தனக்கு நைட் ஷிப்ட் வருகிற நாள்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். “இந்தச் செவப்பு போட்ட நாள்ல மட்டும் கொஞ்சம் பார்த்துக்கம்மா. மத்த நாள்ல நீ என்ன வேணா அரை.” அந்த அக்கா பதறிப்போனார். “ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதாண்ணே? சத்தமே இல்லாம இருக்கவும், நீங்க வீட்டுலயே இல்லைன்னு நெனச்சுக்கிட்டுல்ல அரைச்சேன்!”

அந்தக் காலண்டர் அக்காவின் சமையலறையில் தொங்கியது. சிவப்பு நாள்களில் மாவு சாயங்காலம் அரைபட்டது. பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிப் பக்கம் போய்வந்தால் அண்ணன் அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் பழம் வாங்குவார். மிருதங்கப் பையனின் அப்பாவும் வந்து காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனார் என்பது கூடுதல் செய்தி. என் மனு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சத்தம் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்தவரைத் துன்புறுத்த வேண்டும் என்று போடுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாம் அதைச் சொல்வதற்கு முன்பே அவர்களைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். சுவரை இடிக்கிறோம், நம் ரேடியோவைக் கூட்டி வைத்துப் பழி வாங்குகிறோம். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ‘சிலருக்கு நாகரிகம் தெரிவதில்லை’ என்று பொதுவாகப் போடுகிறோம். அதைப் படிக்கிற ஐம்பது பேரும் நம்மைத்தான் சொல்கிறார் என்று கோபித்துக்கொள்கிறார்கள். சத்தத்தின் உச்சத்தில் போய்ப் பேசக் கூடாது. இருவருக்குமே அப்போது புத்தி வேலை செய்யாது. மறுநாள், கோபம் ஆறிய நேரத்தில், கூட்டம் சேர்க்காமல் தனியாகப் போக வேண்டும். உங்கள் வீட்டில் தப்பு என்று தொடங்காமல், எங்கள் வீட்டில் இன்னது கஷ்டம் என்று தொடங்க வேண்டும்.

இதெல்லாம் சரி, சட்டம் எதற்கு இருக்கிறது என்று என் பேரன் கேட்டான். இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அளவு 10 டெசிபலுக்குக் குறையாமல் மீறினாலோ, இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலோ புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியர், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி ஆகியோருக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு.

ஆனால் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 டெசிபலை ஒட்டி வரும். கருவியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது. நைட் ஷிப்ட் ஆபரேட்டருடைய இரவு காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. விதிப்படி அது பகல். அவருக்குச் சட்டத்தின் கடிகாரம் உதவாது, பக்கத்து வீட்டுக் காலண்டர்தான் உதவும்.

அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு சென்னை வழக்கு முடிந்தது. மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள், பக்கத்திலிருந்த சர்ச் ஆஃப் காட் சபையின் ஒலிபெருக்கியும் மேளமும் தாங்க முடியவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காவல்துறை, நீதிமன்றம் என்று போனார்கள். உயர் நீதிமன்றம் சபையை மூடச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியைத் தாழ்த்தி வைக்கச் சொன்னது. சாலையில் இரைச்சலிடும் வண்டிகளின் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. கோயில், பள்ளிவாசல், கட்சி மேடை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். முதியவர்கள், மாணவர்கள், பகலில் உறங்கும் குழந்தைகள் ஆகியோரையும் அந்தத் தீர்ப்பு நினைத்துப் பார்த்தது. பகல் தூக்கத்தையும் ஒரு நீதிபதி தூக்கமாக மதித்தாரே என்று நான் மகிழ்ந்தேன். ஆனால் 1996-லேயே தொடங்கிய தகராறு அது. ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்க டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இன்னொரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பின் வரிசையில் ஒரு வீட்டில் சம்பள நாளை ஒட்டி இரவில் பாத்திரம் உருளும். ஒரு பெண்ணின் குரல் உயர்ந்து, அப்படியே அடங்கிவிடும். வரிசை முழுக்கக் கேட்கும். மறுநாள் யாரும் பேச மாட்டார்கள். “புருஷன் பொண்டாட்டி விஷயம்” என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். ஆட்டுக்கல் சத்தத்துக்கு மனு எழுதத் தயாராக இருந்த ஊர், அந்தச் சத்தத்துக்கு மட்டும் செவிடாகிவிடும்.

ஒரே ஓர் அம்மாள் மட்டும் அப்படி இருக்கவில்லை. அதிகம் படிக்காதவர். சத்தம் கிளம்பியதும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டுவார். “உறைமோர் இருக்கா? பாலைக் காய்ச்சிட்டு நிக்கிறேன்.” ராத்திரி பதினோரு மணிக்கு உறைமோர்! கதவு திறக்கும். அந்த ஆள் முறைப்பான். இவர் அசையமாட்டார். அந்தப் பெண் மோர் எடுத்து வந்து தரும்வரை நின்று, அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். தெருவில் ஒருத்தி விழித்திருக்கிறாள் என்பது தெரிந்ததும் அந்த ஆளின் கை பல இரவுகளில் தாழ்ந்தது. 2008-இல் ‘பெல் பஜாவோ’ என்ற பெயரில், பக்கத்து வீட்டில் அடிதடி கேட்டால் அழைப்புமணியை அடியுங்கள் என்று நாடு முழுக்க ஒரு பிரசாரம் நடந்தபோது, எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

ஒரு நாள் கேட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. அன்று அந்த அம்மாள் டம்ளரை எடுக்கவில்லை. நேரே என் கதவைத் தட்டி, “தம்பி, சைக்கிளை எடு. ஸ்டேஷனுக்குப் போ” என்றார். போலீஸ் வந்தது. பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அந்தப் பெண்ணின் அண்ணன்கள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். எங்கள் வரிசையில் சிலர் அந்த அம்மாளுடன் கொஞ்ச காலம் பேசவில்லை. போலீஸை வரவழைத்துத் தெருவின் மானத்தை வாங்கிவிட்டாராம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது என்று அவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். என் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தத்துக்கு நான் காத்திருக்கலாம். ஒருவர் உயிரிலிருந்து வரும் சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அலறல், அடி, குழந்தையின் ஓயாத அழுகை, கொலை மிரட்டல் ஆகியவற்றுக்கு உடனே 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், நல்லெண்ணத்தோடு தகவல் கொடுக்கும் அக்கம்பக்கத்தாரைப் பொறுப்பாக்க முடியாது என்றே எழுதி வைத்திருக்கிறது.

மற்ற சத்தங்களுக்கு வரிசை வேறு. முதலில் நேரில் பேச்சு. கேட்கவில்லையென்றால் இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவர், அல்லது குடியிருப்போர் சங்கம். அதற்கும் மசியாமல் இரவு பத்துக்கு மேல் மைக் செட் அலறினால், அல்லது கேட்கப்போன இடத்தில் கை நீண்டால், காவல் நிலையம். அப்போது தேதி, நேரம், எத்தனை இரவு, முன்பு யார் மூலம் சொன்னோம் என்று கோபமில்லாமல் எழுதி, சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பொதுத் தொல்லைக்கு இன்றைய சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். அதைக் கட்டிவிட்டு அவரும் அதே வீட்டில்தான் இருப்பார், நாமும் இதே வீட்டில்தான் இருப்போம். அடுத்த முப்பது வருஷத்துக்கான பேச்சை அந்த ஆயிரம் ரூபாய்க்கு விற்கலாமா என்பதை யோசித்துவிட்டுப் படியேற வேண்டும்.

2005-இல் உச்ச நீதிமன்றம் இரவு நேர ஒலிபெருக்கித் தடையை உறுதி செய்தது. அந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானபோது போட்ட கூச்சல், அக்கம்பக்கத்தில் அலறிய பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவள் பின்னர் தீக்குளித்து இறந்தாள். அந்தச் செய்தியை மேற்கோள் காட்டித்தான் ஒரு பொறியாளர் வழக்குத் தொடுத்தார்.

தெரு அமைதியாக இருக்க வேண்டும் என்பது நாம் சுகமாகத் தூங்குவதற்காக மட்டும் இல்லை. யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், அதற்காகவும்தான். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகர்ப் பக்கம் வந்துவிட்ட பிறகும், புதிதாகக் குடிவரும் சிறுசுகளிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எப்போது தூங்குவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்படிப் பழகிய வீட்டில் எது வழக்கமான சத்தம், எது ஆபத்தின் சத்தம் என்று உங்களுக்கே தெரியும். போலீஸை எப்போது கூப்பிடுவது என்று அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.