சேஞ்ச்

ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சொற்களுள் சில கச்சேரிக் காகிதங்களோடு நின்றுவிட்டன. ‘சேஞ்ச்’ என்பதோ எழுத்து வாசனையே அறியாதவர் நாவிலும் ஸ்வாதீனமாகக் குடியேறிவிட்டது. உடை மாற்றுவதும் சேஞ்ச். உத்தியோகஸ்தர் லீவு போட்டுவிட்டு நாலு நாள் கொடைக்கானலுக்குப் போய் வருவதும் சேஞ்ச். இட்டிலிக்குப் பதிலாக உப்புமாவைக் கிண்டி வைத்துவிட்டு வீட்டு அம்மாள் சொல்லும் சமாதானமும் “ஒரு சேஞ்சுக்குத்தான்”. (உப்புமாவை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்பது வேறு விஷயம்.) ஆயினும் இத்தனை அர்த்தங்களுள் பாமர ஜனங்கள் தமக்கென்று சுவீகரித்துக்கொண்டது, பஸ் கண்டக்டர் கேட்கிற சில்லறை ஒன்றைத்தான்.

பெரிய நாணயத்தைச் சிறியவையாக மாற்றித் தருகிற காரியத்துக்கு ஏற்பட்ட பெயர், நாளடைவில் மாற்றிக் கிடைத்த காசுக்கே ஆகிவந்தது. லண்டனில் தாமஸ் கிரெஷாம் கட்டுவித்து, 1571-இல் எலிசபெத் ராணி திறந்து வைத்த ராயல் எக்ஸ்சேஞ்சையும் அவ்வூர் வர்த்தகர்கள் சுருக்கமாகச் ‘சேஞ்ச்’ என்றே அழைத்து வந்தார்களாதலால், லக்ஷாதிபதிகள் கூடிப் பேரம் பேசிய மண்டபமும், அதன் வாசலில் யாசகன் தட்டில் விழுந்த செம்புக்காசும் ஒரே நாமத்தைப் பூண்டிருந்தன.

நம் தேசத்தில் இந்தச் சில்லறைக்கே ஒரு பெரிய சேஞ்ச் வந்தது 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி. அதுவரை ரூபாய்க்குப் பதினாறணா, அறுபத்து நாலு காலணா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி என்று வாய்ப்பாடாய் மனனம் செய்திருந்த ஜனங்களைப் பார்த்து, இனி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று சர்க்கார் அறிவித்தபோது, தசாம்ச முறையின் சௌகரியத்தைப் படித்தவர்கள் வியந்தார்களே தவிர, வெற்றிலைக்கடையில் மூண்ட சச்சரவு இலேசில் ஓயவில்லை. ஓரணாவுக்குச் சரியான ஈடு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாதாகையால், அரைக்கு மேற்பட்ட பின்னத்தை ஒன்றாக்கி, மற்றதைத் தள்ளிவிடுவது என்று ஏற்பாடு. அதன்படி ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்கோ பத்தொன்பது! பதினாறு ஓரணாக்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து மாற்றினால் தொண்ணூற்றாறு பைசாதான் தேறும். காலணாவுக்கு இரண்டு பைசா என்றிருந்தபடியால், அறுபத்து நாலு காலணாவைத் தனித்தனியே மாற்றுகிற பொறுமைசாலிக்கு அதே ஒரு ரூபாய் நூற்றிருபத்தெட்டுப் பைசாவாகப் பெருகும். கணித சாஸ்திரம் குழந்தைகளுக்கு இவ்வளவு ரசமாக வேறெந்தக் காலத்திலும் போதிக்கப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

‘நயா’ என்ற அடைமொழி 1964-இல் உதிர்ந்தது. ஓரம் வளைந்து வளைந்து பூப்போலிருந்த பத்துப் பைசா, சதுரமான ஐந்து பைசா, ஊதினால் பறக்குமோ என்று தோன்றிய அலுமினிய மூன்று பைசா என்று எத்தனையோ ரூபங்கள் வந்து போயின. 2011 ஜூன் மாத முடிவில் இருபத்தைந்து பைசாவும் செல்லாக்காசாயிற்று. ஆனால் அந்த நாணயம் உயிரோடிருந்த நாள் மட்டும் அது நாலணாவாகவே வழங்கிற்று. ஐம்பது பைசா எட்டணாவாகவே இருந்தது. அணாவைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளும் எட்டணாவுக்கு மிட்டாய் கேட்டார்கள். உதவாக்கரைகளை இன்றும் காலணாவுக்குப் பிரயோஜனமில்லாதவன் என்றுதான் வைகிறோமே ஒழிய, ஒன்றரைப் பைசாவுக்கு என்று எவரும் திருத்திச் சொல்லக் காணோம். சட்டம் போட்டு நாணயத்தை மாற்றுவது சர்க்காருக்குச் சாத்தியமாயிற்று. வசவை மாற்றும் அதிகாரம் எந்த மந்திரி சபைக்கும் கிடையாது.

இப்போது இளநீர்க்காரர்கூட ஒரு கட்டம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்; கைபேசியைக் காட்டினால் காசு போய்ச் சேர்ந்துவிடுகிறது; சில்லறை என்ற பிரஸ்தாபமே எழுவதில்லை. டவுன் பஸ்ஸில் மட்டும் அந்தப் பழைய குரல் ஓயவில்லை. “சேஞ்ச் வெச்சுக்கிட்டு ஏறுங்கம்மா” என்று அதட்டிவிட்டு, டிக்கெட்டின் பின்புறம் மீதித் தொகையைக் கிறுக்கிக் கொடுக்கும் கண்டக்டர், இறங்கும் சமயத்தில் முன்பின் அறியாத இருவரைச் சேர்த்துப் பிடித்து, ஒருவர் கையில் இருபது ரூபாய் நோட்டைத் திணித்து, “ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க” என்று விசில் ஊதிவிடுகிறார். அப்புறம் அவ்விருவரும் சேஞ்சுக்காக எதிர்ச்சாரி டீக்கடைக்கு நடக்க வேண்டியதுதான்; கடைக்காரர் சும்மா மாற்றித் தருவாரா? ஆளுக்கொரு டீ குடித்தால்தான் கல்லாவைத் திறப்பார்.