நகராட்சிக்கும் பதினெட்டுப் படி!

சபரிமலையில் பதினெட்டுப் படி. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. உங்கள் ஊர் நகராட்சிக்கும் பதினெட்டுப் படி இருக்கிறது, தெரியுமோ?

நான் சொல்லவில்லை சார், அரசியல் சட்டம் சொல்கிறது. 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ம் தேதி அமலுக்கு வந்தபோது, கூடவே பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. நகராட்சியிடம் ஒப்படைக்கத் தக்க வேலைகள் என்று அதில் மொத்தம் பதினெட்டு. குடிநீர், குப்பை, சுடுகாடு, பூங்கா, பிறப்பு - இறப்புப் பதிவு, ஆடு மாடு அறுக்கிற இடம்... இப்படிப் போகிறது. எட்டாவது படி சுற்றுச்சூழல். பதின்மூன்றாவது படி கலாசாரம், கல்வி, அழகு. (ஆமாம், அழகு! நகராட்சிக்கும் அழகுக்கும் சம்பந்தம் உண்டு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.) பதினேழாவது படி தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம்.

இந்தப் பதினெட்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை கோவில்பட்டிக்குக் கிளம்பினேன்.

ஏன் கோவில்பட்டி? சென்னை, மதுரை என்றால் எல்லோரும் எழுதிவிடுவார்கள். 2011 சென்சஸ்படி 95 ஆயிரத்துச் சொச்சம் ஜனம், 36 வார்டு, சுற்றிலும் கரிசல் காடு என்று இருக்கிற நடுத்தர ஊரில்தான் சட்டத்தின் குட்டு வெளிப்படும். தவிர, கடலை மிட்டாய்! 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். அதற்காகவே போகலாம்.

ஊரைச் சுற்றிக் காட்ட உள்ளூர் நண்பர் ஒருவர் வந்தார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவரும் என்னை அண்ணாச்சி என்பார். அந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் வயசுக் கணக்குக் கிடையாது.

"காகிதத்தை உள்ள வைங்க அண்ணாச்சி. முதல்ல மண்ணைப் பாருங்க. அது தெரியாம நகராட்சியப் பத்திப் பேசப்படாது" என்றார்.

நியாயம்தான். கரிசல் மண் சாதாரண மண் இல்லை. கோடையில் காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். மழை விழுந்தால் தண்ணீரைக் குடித்து உப்பும். வருஷா வருஷம் உப்பி, சுருங்கி, உப்பி, சுருங்கி... ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரி. பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் இதைவிட நல்ல மண் கிடையாது. (பருத்தியை ஆராயவென்றே 1901-லேயே இங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டார்கள்.) ஆனால் அதே மண் மேல் ஒரு ரோட்டைப் போட்டுப் பாருங்கள்! கீழே மெத்தை ஏறி இறங்கினால் மேலே படுத்திருக்கிற ரோடு என்ன ஆகும்? அலை அலையாகும், வெடிக்கும். புதைத்த குழாயின் இணைப்பு விலகும், சுவர் விரிசல் விடும்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. மேல் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை நிரப்ப வேண்டும். அல்லது சுண்ணாம்பைக் கலந்து மண்ணை இறுக்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் நிற்காமல் ஓட வாறுகால் வேண்டும். ஆகவே கரிசல் ஊரில் ஒரு கவுன்சிலர் மன்றக் கூட்டத்தில் எழுந்து, "எங்க வார்டுல ரோடு எப்ப?" என்று கேட்டால் அது பாதிக் கேள்வி. "ரோட்டுக்குக் கீழ என்ன போட்டீங்க? வாறுகால் எங்க போய்ச் சேருது?" என்பதுதான் முழுக் கேள்வி. முதல் கேள்விக்குக் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவதுக்கு ரோடு கிடைக்கும்.

அடுத்தது தண்ணீர். கோவில்பட்டிக்கு ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீர் தெற்கே சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாக வருகிறது. 'வானம் பார்த்த பூமி' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் தலைநகரம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழை இல்லையே என்று அழுத ஜனம், மழையைப் பார்த்து அழுத நாட்கள். தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்!

"ஓடை இருக்குல்ல அண்ணாச்சி, வருஷத்துல முந்நூத்தம்பது நாள் காஞ்சு கிடக்கும். காஞ்சு கிடந்தா நம்ம கண்ணுக்கு அது ஓடையாத் தெரியாது, காலி பிளாட்டாத்தான் தெரியும்" என்றார் அண்ணாச்சி. பிறகென்ன? முதலில் ஒரு தள்ளுவண்டி, அப்புறம் ஒரு கொட்டகை, அப்புறம் ஷட்டர் போட்ட கடை. கோவில்பட்டியில் பிரதான சாலை ஓடையின் மேல் இருந்த கடைகளை எடுப்பதா வேண்டாமா என்பது பல வருஷம் ஊரின் பெரிய பேச்சாக இருந்தது. கடைக்காரருக்குப் பிழைப்பு, தண்ணீருக்கு வழி. இரண்டும் நியாயம்தான். ஆனால் தண்ணீர் பேச்சுவார்த்தைக்கு வராது. நேரே வந்துவிடும். அதனால் கடைக்காரருக்கு மாற்று இடம் பார்த்துக் கொடுப்பதையும் ஓடையைத் திறப்பதையும் சேர்த்தே பேச வேண்டியது மழைக்கு முன்பு. அதைப் பேசுகிற இடம் நகர்மன்றம். எட்டாவது படி என்றால் மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பது மட்டும் இல்லை சாமி!

சாயங்காலம் ஆனதும் தெருவுக்கு வந்தோம். கோவில்பட்டியில் ஒரு பெண், "ஆபீஸுக்குப் போறேன்" என்றால் நம் மாதிரி ஃபைல் தள்ளப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அங்கே 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று பேர்! சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் அதில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021 டிசம்பர் 1-ம் தேதி, பதினாலு வருஷம் கழித்து, ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது ஞாபகம் இருக்கிறதா? நமக்கு அது ஒரு செய்தி. அங்கே அது அடுப்பு.

இந்தப் பெண்கள் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடக்கிற தெருவில் விளக்கு எரிகிறதா என்பதுதான் பதினேழாவது படி. சட்டப் புத்தகத்தில் அது 'பொது வசதி'. நடக்கிறவருக்கு அது பாதுகாப்பு.

விளக்கு விஷயத்தில் எங்கள் ஊர் அனுபவம் ஒன்று. (ஊர்ப் பேர் வேண்டாம். நான் அங்கே குடியிருக்கணும்.) எங்கள் தெருவில் பல்பு எரியவில்லை. மின்வாரியத்தில் கேட்டால், "கம்பம் எங்களது, பல்பு அவங்களது" என்றார்கள். நகராட்சியில் கேட்டால், "பல்பு எங்களது, கரெண்ட் வரலையே" என்றார்கள். பதினோரு நாள் இருட்டு. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் வாசலில் சொந்தமாக ஒரு பல்பு மாட்டினார். உடனே நகராட்சிக்காரர் வந்து, "இது யாரைக் கேட்டு மாட்டுனீங்க?" என்றார். அதைக் கேட்க மட்டும் ஆள் இருந்தது!

இது எல்லா ஊர்க் கதையும்தான். ஒரு தெருவுக்கு எத்தனை ராஜா! கம்பம் மின்வாரியம், சிக்னல் போலீஸ், ஊருக்கு நடுவே போகிற பெரிய ரோடு பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறை, ஊரைச் சுற்றுகிற நாலுவழிச் சாலை மத்திய சர்க்கார். கோவில்பட்டியில் பைபாஸ் ஓரத்தில் கூடுதல் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் பஸ் ஏறுகிறவர் முதலில் கேட்பது, "சீட் இருக்கா?" இல்லை, "பஸ் ஊருக்குள்ள போகுமா?"

இன்னும் வேடிக்கை, ஊருக்கு மேற்கே இளையரசனேந்தல் பிர்கா. 2008-ல் அதை நெல்லை மாவட்டத்திலிருந்து எடுத்துத் தூத்துக்குடி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். வருவாய்த் துறை கோவில்பட்டிக்கு வந்தது. பஞ்சாயத்துகள் மட்டும் பழையபடி குருவிகுளம் யூனியனிலேயே நின்றுவிட்டன. 2019-ல் தென்காசி மாவட்டம் பிறந்து, குருவிகுளம் அங்கே போயிற்று. ஆக, பட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு இன்னொரு மாவட்டம் என்று ஜனங்கள் பல வருஷம் அலைந்தார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரே ஒரு வார்த்தை. பதினெட்டு வேலைகளையும் மாநிலச் சட்டசபை நகராட்சிக்குத் 'தரலாம்' என்றுதான் அரசியல் சட்டம் சொல்கிறது; 'தர வேண்டும்' என்று சொல்லவில்லை. ஏழாவது படி தீயணைப்பு. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. தீப்பெட்டி ஊரிலும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் 'தரலாம்' என்று சொன்ன மாமனார் கதை!

சரி, பதின்மூன்றாவது படி? இங்கேதான் கோவில்பட்டி காலரைத் தூக்கிவிடும். பக்கத்து இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன் என்று இரண்டு பேர். சுற்று வட்டாரத்தில் பூமணி, சோ.தர்மன். நாலு பேருக்கும் சாகித்ய அகாதமி: 1970, 1991, 2014, 2019. மழை பொய்க்கும் பூமியில் எழுத்து மட்டும் பொய்க்கவில்லை. 2021-ல் கி.ரா. மறைந்தபோது அரசு மரியாதை. 2022 டிசம்பரில் கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் திறந்தார்கள், மாநில அரசு செலவில்.

நகராட்சியின் பங்கு? உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ம் வருஷ நூலகச் சட்டம் போட்ட வழி. இப்போது வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வசூலிப்பது நகராட்சி, செலவழிக்க வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்தது போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதுதான் கலாசாரப் பணி. பொன்னாடை போர்த்துவது அதற்கு அப்புறம்.

"கேக்கறது யாரு?" என்றார் அண்ணாச்சி. கேட்க வேண்டியவர் கவுன்சிலர். ஆனால் தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை! தனி அதிகாரி ஆட்சி. அதிகாரி கெட்டவர் என்று சொல்லவில்லை. உங்கள் வாறுகால் அவர் வீட்டு வாசலில் ஓடவில்லை, அவ்வளவுதான். கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் இதே கதை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

கரிசல் காட்டுக்கு இது பழைய பாடம். சோ.தர்மனின் 'சூல்' நாவல் அவருடைய உருளைக்குடி கிராமத்துக் கண்மாயைப் பற்றியது. கண்மாயைக் கவனிக்க நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எவ்வளவு என்று பார்ப்பது, மழை ராத்திரியில் கரை தாங்குமா என்று போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மராமத்துக்கு ஊரே மண்வெட்டியோடு வரும். பிறகு கண்மாய் அரசாங்கச் சொத்தாயிற்று. பெரிய கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, சின்னது பஞ்சாயத்து யூனியனுக்கு என்று ஏட்டில் பிரித்துக்கொண்டார்கள். கரைக்குச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். கரையில் நடக்கிற ஆள் போய்விட்டார். கண்மாய் ஒரே நாளில் அழிவதில்லை. கவனிக்கிற ஆள் போனால், அதுவும் மெதுவாகப் போய்விடும்.

நகரத்துத் தெருவும் ஒரு கண்மாய்தான். அதற்கு நீர்ப்பாய்ச்சி நம் கவுன்சிலர். 2022 தேர்தலில் பாதி இடம் பெண்களுக்கு. (போன் பண்ணினால் கணவர் எடுக்கிறாரா, கவுன்சிலர் எடுக்கிறாரா என்று பார்ப்பதும் நம் வேலை.) அவரையும் கவனிக்க ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்து வார்டுக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல்முறையாகக் கூட்டினார்கள். அந்த வார்டு வாக்காளர் யாரும் போகலாம், கேட்கலாம். பாஸ் வேண்டாம், டை வேண்டாம்.

"ஆபீஸ் இருக்கே சார்" என்பீர்கள். இருக்கட்டும். கிரிக்கெட் மேட்சுக்குப் பாட்டியைச் சாகடித்து லீவு எடுத்தவர்கள்தானே நாம்? இதற்கு உண்மையைச் சொல்லியே அரை நாள் கேட்கலாம். போய் மூன்றே கேள்வி: நம் தெரு வாறுகால் எங்கே போய்ச் சேருகிறது? எரியாத விளக்கு எத்தனை நாளில் எரியும், யார் பொறுப்பு? நூலக வரி போய்ச் சேர்ந்ததா?

முதலில், அடுத்த பகுதி சபை என்றைக்கு என்று உங்கள் கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.