தராசில் ஏறும் பிள்ளைகள்

கொழும்பிலிருந்து ஒக்லாந்துக்கு வந்திருந்த சித்தப்பா, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நியூசிலாந்து றக்பி அணியான ஓல் பிளாக்ஸின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உது ரத்தத்தில வாறது, தம்பி. மாவோரியும் சமோவாக்காரரும் பிறக்கேக்கையே அந்த உடம்போட பிறக்கினம். எங்கட பெடியளுக்கு உது சரிவராது."

இதே பேச்சை இங்குள்ள கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வயதில் பெரியவரோடு வாதாடவில்லை. ஆனால் மனம் ஆறவில்லை. ரத்தம்தான் காரணம் என்றால் சமோவாவும் தொங்காவும் அல்லவா உலகக் கிண்ணத்தைத் தூக்கியிருக்க வேண்டும்? 1987, 2011, 2015 என்று மூன்று தடவை தூக்கியது நியூசிலாந்து. சனத்தொகை ஐம்பது இலட்சத்தைச் சற்றுத் தாண்டிய நாடு.

சித்தப்பாவைக் கூட்டிப்போக வேண்டிய இடம் ஈடன் பார்க் மைதானம் அல்ல, பருவம் தொடங்கும் நாளில் ஏதாவதொரு புறநகர்க் கழகம். வாசலில் ஒரு தராசு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கும். கழுத்தில் விசில் தொங்கும் ஒரு தகப்பன் எடையைப் படித்துச் சொல்ல, மடக்கு மேசையில் இருக்கும் ஒரு தாய் பெயர், வயது, கிலோ என்று எழுதிக்கொண்டே போவார். இருவருக்கும் ஒரு சதம் சம்பளமில்லை. ஒக்லாந்தில் சிறுவர் றக்பியை வயதை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை, எடையையும் பார்க்கிறார்கள். பதினொரு வயதில் ஒரு பிள்ளை முப்பத்தைந்து கிலோ இருக்கும், பக்கத்தில் நிற்பது எழுபது கிலோ இருக்கும். இரண்டையும் மோதவிட்டால் முதல் பிள்ளை அடுத்த சனிக்கிழமை வராது. பெரிய பிள்ளைக்கும் நட்டம்தான், ஏனென்றால் எல்லோரையும் இடித்துத் தள்ளியே பழகியவனுக்குப் பந்தைக் கைமாற்றத் தெரியாமற் போய்விடும்.

அதற்கும் கீழே, ஐந்தாறு வயதில், இடிப்பதே கிடையாது. 'ரிப்பா' என்று ஒன்று விளையாடுவார்கள். இடுப்புப் பட்டியில் இரண்டு பக்கமும் நாடா தொங்கும். நாடாவைப் பிய்த்தால் பிடித்த மாதிரி. பனி விழுந்த புல்லில் வெறுங்காலோடு ஓடும் அந்தக் கூட்டத்தில் யார் வருங்கால வீரன் என்று ஒருவரும் குறிப்பெடுப்பதில்லை. எனக்கு இந்த நாட்டில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். மலையும் கடலும் பிறகு.

எடைப் பிரிவு பிள்ளைப் பருவத்தோடு முடிவதுமில்லை. உயர்நிலைப் பாடசாலைகளில் முதல் பதினைவர் அணிக்குப் பக்கத்தில் எடைக்கட்டுப்பாட்டு அணிகளும் ஆடுகின்றன. வளர்ந்தவர்களுக்கு 85 கிலோவுக்கு உட்பட்டோர் கழகக் கிண்ணம் 2020 முதல் நாடு தழுவி நடக்கிறது. அந்த எடைப் பிரிவின் நியூசிலாந்து அணி 2025இல் இலங்கைக்கே போய் ஆடியது. எங்கள் பெடியளுக்குச் சரிவராத விளையாட்டு என்று சொல்பவர்கள் அந்தப் பயணத்தைக் கவனித்தார்களா?

சிறிய உடம்புக்கு உச்சியிலும் இடமுண்டு. ஆரன் ஸ்மித் ஃபீல்டிங் என்ற சிற்றூர்க்காரர், சிகையலங்காரம் பழகியவர், உயரம் ஏறத்தாழ 171 சென்ரிமீற்றர். எங்கள் ஊர் பஸ் தரிப்பிடத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓல் பிளாக்ஸுக்காக 125 டெஸ்ட் ஆடினார்.

இனி ஊரை நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சையில் இருத்தி, வெட்டுப்புள்ளி என்ற கத்தியால் இரண்டாகப் பிரித்து, வென்ற பிள்ளையின் முகத்தைப் புள்ளியோடு அச்சடித்து வீதியில் தொங்கவிடுகிறோம். மற்றப் பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழேதான் சைக்கிளில் போகிறது. நியூசிலாந்துக்காரர் தராசு வைப்பது சேர்த்துக்கொள்ள. நாங்கள் வைப்பது கழித்துவிட.

நியூசிலாந்தில் மேலே ஏறும் படிகளிலும் அதே பொறுமை இருக்கிறது. நாடு முழுக்க 26 மாகாணச் சங்கங்கள். பெரிய பதினான்கும் ஒரு போட்டியில் ஆட, சிறிய பன்னிரண்டுக்கும் 2006 முதல் ஹார்ட்லாந்து சம்பியன்ஷிப் தனியாக உண்டு. அதற்கு மேலே ஐந்து சூப்பர் றக்பி அணிகள், பிறகு ஓல் பிளாக்ஸின் கறுப்புச் சட்டை. தேர்வாளர்களின் கண் கீழ்ப்படியிலும் இருக்கும். குரோ என்ற கிராமத்துக்கு அருகே பண்ணையில் வளர்ந்த ரிச்சி மெக்கோவை 2001இல் அழைத்தபோது அவர் சூப்பர் றக்பியில் சில நிமிடங்கள்தான் ஆடியிருந்தார். இப்படியா சட்டையை வாரி வழங்குவது என்று முன்னாள் வீரர் ஒருவரே பகிரங்கமாகக் கேட்டார். ஆனால் தேர்வாளர்கள் மெக்கோவை மாகாணப் போட்டியில் பார்த்திருந்தார்கள். டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே அவர் ஆட்டநாயகன். பிறகு 148 டெஸ்ட், தலைவராக இரண்டு உலகக் கிண்ணம்.

தோல்வியையும் பார்க்க வேண்டும். 2007 உலகக் கிண்ணத்தில், கார்டிஃபில் பிரான்சிடம் 20-18 என்று காலிறுதியிலேயே தோற்றபோது நாடே துக்கம் காத்தது. பயிற்றுநர் கிறஹம் ஹென்றி ஒரு காலத்தில் இங்குள்ள கெல்ஸ்டன் ஆண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தவர். அவரைத் துரத்தச் சொல்லிப் பெரிய கூச்சல். சங்கம் விசாரித்தது, யோசித்தது, திரும்பவும் அவரையே நியமித்தது. நான்கு வருடம் கழித்து அதே பிரான்சை 8-7 என்று வென்று கிண்ணம் வந்தது. எங்கள் நாட்டில் 2023 நவம்பரில் கிரிக்கெட் அணி இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சில நாட்களில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், அதே வாரம் சர்வதேசச் சபை இலங்கையை இடைநிறுத்தியது. கலைக்கப்பட்ட சபை நல்ல சபை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தச் சண்டை முழுவதிலும் ஒரு பிள்ளையின் பெயரோ ஒரு மைதானத்தின் பெயரோ என் காதில் விழவில்லை.

நியூசிலாந்தைத் தலையில் வைத்துக் கூத்தாடும் எங்கள் ஆட்களோடும் எனக்குக் கோபம் உண்டு. 1960இல் நிறவெறித் தென்னாபிரிக்காவைத் திருப்திப்படுத்த மாவோரி வீரர்களை விட்டுவிட்டு அணியை அனுப்பிய நாடு இது. இன்றைக்கும் பணக்காரப் பாடசாலைகள் மற்றப் பாடசாலைகளின் கெட்டிக்காரப் பெடியளைப் புலமைப்பரிசில் காட்டி இழுக்கின்றன. 2018இன் முடிவில் ஒக்லாந்துப் பாடசாலைகள் பத்து ஒன்றுசேர்ந்து, இப்படி ஆள்பிடித்த ஒரு பாடசாலையோடு ஆடமாட்டோம் என்று அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. தீவுகளிலிருந்து பதின்ம வயதில் கொண்டுவரப்படும் பிள்ளைகளில் பெயரெடுத்தவர்களை எல்லோருக்கும் தெரியும். பெயரெடுக்காதவர்கள் வீட்டை விட்டு வந்ததற்கு யார் கணக்குச் சொல்வது? ஒருமுறை கறுப்புச் சட்டை போட்டவர் மூன்று ஆண்டு காத்திருந்து பெற்றோரின் நாட்டுக்கு ஆடலாம் என்ற விதி 2022இல்தான் வந்தது. அதனால்தான் சார்ள்ஸ் பியூட்டாவும் மலக்காய் ஃபெகிட்டோவாவும் 2023 உலகக் கிண்ணத்தில் தொங்காவுக்காக ஆட முடிந்தது.

சம்பளமில்லாத அந்தத் தகப்பனும் தாயும் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். குருநகரிலும் இளவாலையிலும் மன்னாரிலும் உதைபந்தாட்டக் கழகங்களை நடத்துபவர்கள் யார்? கடலுக்குப் போய்வந்து பின்னேரம் மைதானத்துக்குக் கோடு போடுகிறவர்கள். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும்போர் என்ற கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது. அத்திவாரம் எங்களுக்கும் பழையது. அதற்கு மேலே படி கட்டப் போர் விடவில்லை. ஏ9 பாதை பூட்டிக்கிடந்த 1990களில் எந்தத் தேர்வாளர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்? 2024இல் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் ஐபிஎல் மைதானத்தில் இறங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. அவருக்கு முந்திய தலைமுறையில் அதே சுழல்பந்தோடு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பும் சேர்ந்துதான்.

ஆனால் எல்லாவற்றையும் போரின் தலையில் போட நான் தயாரில்லை. போர் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது என் வழக்கு, பத்தாம் ஆண்டோடு பெடியனின் சப்பாத்தைப் பூட்டிவைத்து ரியூசனுக்கு அனுப்பும் பெற்றோரோடும், அதற்குத் தலையாட்டும் பாடசாலைகளோடும், பெரும்போர் விருந்துக்கு மட்டும் காசு அனுப்பும் எங்கள் பழைய மாணவர் சங்கங்களோடும்தான். நியூசிலாந்துப் பாடசாலைகள் அணியைத் தெரிவது பதினேழு, பதினெட்டு வயதுப் பெடியளிலிருந்து. அந்த வயது வரும்போது எங்கள் பிள்ளை பந்தைத் தொட்டு இரண்டு வருடமாகியிருக்கும்.