இடையிசை பாடிய பிள்ளைகள்

மாமாவின் லாரி தெருமுனையில் திரும்பும்போது ஹாரனுக்கு முன்பே பாட்டு வந்து சேர்ந்துவிடும். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிய வண்டி அது. டிரைவர் தலைக்கு மேலே பலகை அடித்து, டேப் ரெக்கார்டரையும் இரண்டு ஸ்பீக்கரையும் பொருத்தியிருந்தார்கள். பம்பாயில் லோடு இறக்கிவிட்டு வருகிற மனுஷன், முகம்கூடக் கழுவாமல் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி கேபினில் உட்கார வைப்பார். "ஏறிக்கோ கண்ணு, புதுசா ஒரு கேசட் பதிஞ்சு வச்சிருக்கேன்" என்பார். டீசல் வாடையும் வாடிப்போன சாமந்தி மாலையின் வாசமும் கலந்திருக்கும் அந்தக் கேபினில்தான் நான் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் அப்போது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான்.

கேசட் பதிவது சாதாரணக் காரியம் அல்ல. திருச்செங்கோட்டில் ரெக்கார்டிங் கடைக்குப் போக வேண்டும். டிடிகே, சோனி என்று வெற்றுக் கேசட்டுகள் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும். பாட்டுப் பட்டியலை நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துப் போய் வாங்க வேண்டும். பட்டியல் எழுதுவதில் வீட்டில் சண்டையே நடக்கும். அக்காவுக்கு 'பயணங்கள் முடிவதில்லை', மாமாவுக்கு 'ஜானி', எனக்கு அந்த வருஷம் வந்த எதுவாக இருந்தாலும் சரி. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக ஆறு போட்டால் மூன்று நிமிடம் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கடைக்கார அண்ணன் சும்மா விடமாட்டார். ஏதாவது ஒரு படத்தின் டைட்டில் இசையை, யாரும் கேட்காமலே, அதில் நிரப்பித் தருவார். 'மௌன ராக'த்தின் இசைத்துணுக்கு அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. பாட்டே இல்லாத அந்த இசைக்காகவே கேசட்டை ஓடவிட்டுக் காத்திருப்போம்.

அதிலிருந்துதான் எங்கள் விளையாட்டு பிறந்தது என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு ஏரிக்கரை வழியாக நடந்து போவோம். ஒருவன் பல்லவியைத் தொடங்குவான். பல்லவி முடிந்ததும் வரிகள் நின்றுவிடும், நாங்கள் நிற்க மாட்டோம். என் பங்காளி ஒருவன் அடித்தொண்டையில் பேஸ் கிடாரைப் பிடிப்பான். சித்தி மகள் புல்லாங்குழல். எனக்கு எப்போதும் வயலின் கூட்டம். ஒரே வாயால் இருபது வயலினையும் வாசித்தாக வேண்டும். எங்கே குழல் விட்டதை வயலின் எடுக்கும், எங்கே தபலா ஒரு கணம் மூச்சு நிறுத்தும், எங்கே சரணத்துக்குள் பாடகர் நுழைவார் என்பதெல்லாம் அட்சரம் பிசகாமல் தெரியும். சரணத்தின் வரிகளில் தடுமாறுவோம். பாதி வார்த்தைக்கு எங்களுக்குப் பொருள் தெரியாது. ஆனால் இடையிசையில் ஒருவன் தப்பு செய்தால் மற்ற எல்லாரும் நின்று திருத்துவோம். முதல் இடையிசையையும் இரண்டாவதையும் யாராவது மாற்றிப் பாடிவிட்டால் அவனுக்கு அன்று முழுக்க மரியாதை கிடையாது. இரண்டும் வேறு வேறு என்பது எங்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்கு இதெல்லாம் அரைமனதுதான். அவருடைய காலம் மாடர்ன் தியேட்டர்ஸ் காலம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, சேலத்தில் சினிமா கம்பெனி நடத்திய டி.ஆர். சுந்தரத்தைத் தம் சொந்தக்காரர் போலப் பேசுவார். ஏற்காடு போகும் சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்தபடி கையைக் காட்டுவார். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யில் ஜி. ராமநாதன் போட்ட இசைக்கு மேலே எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. ஆனாலும் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் இலங்கை வானொலி வேண்டும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போது, பிடித்த புல்லாங்குழல் ஏதாவது வந்துவிட்டால் நாடா ஓடுவதை நிறுத்திவிட்டு, அது முடிந்ததும் மறுபடி நெய்வார். யாருடைய பாட்டு என்று மட்டும் கேட்க மாட்டார்.

வளர்ந்த பிறகு, அந்த இசை எப்படி உண்டானது என்று தேடித் தேடிப் படித்தேன். இளையராஜா எல்லா வாத்தியத்துக்கும் ஸ்வரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். கலைஞர்கள் தங்கள் பகுதியைப் படியெடுத்து, ஒத்திகை பார்த்து, பாடகரோடு சேர்ந்து வாசிப்பார்கள். கடைசி வரிசை வயலின்காரர் ஒரு ஸ்வரம் பிசகினாலும் மொத்தமும் முதலிலிருந்து தொடங்கும். எங்கள் கேசட் உறைகளில் நடிகர் படமும் பாடகர் பெயரும் இருந்தன. வாசித்தவர்கள் பெயர் இல்லை. வயலின் வி.எஸ். நரசிம்மன், குழல் அருண்மொழி என்கிற நெப்போலியன், கிடார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல், டிரம்ஸ் புருஷோத்தமன். ஏரிக்கரையில் நாங்கள் இவர்களாகத்தான் இருந்திருக்கிறோம், பெயர் தெரியாமலே. இதை அறிந்த அன்று எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது.

கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் பீட்டில்ஸ் கேட்க வைத்தான். 1966-ல் வந்த 'எலினார் ரிக்பி'. அதில் கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை. எட்டுப் பேர் வயலின், வியோலா, செல்லோ வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ்காரர்கள் அறுபதுகளைப் பற்றிப் பேசும்போது ஏன் குரல் மாறுகிறது என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. சாதாரண ஜனங்கள் முணுமுணுக்கிற பாட்டுக்குள் இவ்வளவு வேலைப்பாட்டை வைத்தார்களே என்கிற மரியாதை அது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கிய பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா, 2025 மார்ச் 8-ம் தேதி அதே லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவை வைத்து 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியபோது, மாமாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

இன்றைய பாட்டு எனக்குப் பிடிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நாமக்கல் தனியார் பஸ்ஸில் சப்வூஃபர் அதிரும்போது என் நெஞ்சும் சேர்ந்துதான் அதிர்கிறது. 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது, பாடகர்கள் அறிவும் தீயும் பாடியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒலியின் துல்லியத்தில் எங்கள் தேய்ந்த கேசட் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் பாட்டு மூன்று நிமிடத்துக்குச் சுருங்கிக்கொண்டே வருகிறது. பல பாட்டுகளில் இரண்டாவது இடையிசையே கிடையாது, சிலவற்றில் இரண்டாவது சரணமும் இல்லை. காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும். ரீல்ஸுக்கு ஏற்ற துண்டு ஒன்று முதலிலேயே வந்தாக வேண்டும். பாடகர் வாயை மூடினால் கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறது. இந்த அவசரத்தில் குழல் எங்கே நின்று வாசிப்பது?

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். கோபப்படாமல் கேட்டான். பிறகு, "சித்தப்பா, நாங்களும் மியூசிக் பாடுவோம்" என்று தொடையில் தாளம் தட்டி, ஒரு படத்தின் ஹீரோ என்ட்ரி பிஜிஎம்மை முழுசாகப் பாடிக் காட்டினான். பித்தளை வாத்தியம், டிரம்ஸ், கடைசியில் வரும் அந்த உறுமல், எதையும் விடவில்லை. நாங்கள் ஏரிக்கரையில் பாடிய அதே தீவிரம். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சொல் இல்லாத இசைமேல் பிள்ளைகளுக்கு இருக்கும் பசி அப்படியே இருக்கிறது. அந்த இசை பாட்டைவிட்டு வெளியேறி, கதாநாயகன் நடந்து வரும் வழிக்குப் போய்விட்டது.

எங்களுக்கு வாய்த்த இடையிசையும் படத்தில் யாரோ இருவர் ஓடிப் பிடிக்கும் காட்சிக்காக வாசித்ததுதான். ஆனால் கேசட்டில் காட்சி இல்லை. அதனால் அது நாசிக் தாண்டி இருட்டில் தனியாக வண்டி ஓட்டிய மாமாவுக்கும், தறிக்குழியில் நாடாவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்த அப்புச்சிக்கும் வாசித்ததாக இருந்தது. அவர்கள் யாரையும் ஜெயித்து வந்தவர்கள் இல்லை. அவர்களைப் போன்றவர்களுக்காக அரை நிமிடம் குழல் வாசிக்கிற பாட்டு மறுபடி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அண்ணன் மகன் இப்போது கீபோர்டு கற்றுக்கொள்கிறான்.